கறுப்புக் கையுறைக்குள் பிச்சையா

பிச்சையா எட்டு நாள் கொலைகாரனாக இருந்தான். அதற்கு முன்னும் பின்னும் அவன் தாராவியில் கரீம் பாட்சாவின் பட்டறையில் தோல் வெட்டித் தைக்கிற ஆள். மணிபர்ஸ், பெல்ட், பெண்கள் கைப்பை. யாராவது கேட்டால் கையுறை. கேட்கிறவர்கள் குறைவு. பம்பாயில் யாருக்குக் குளிர்கிறது?

அறுபத்திரண்டு ஜனவரியில் ஒருவர் கேட்டார். மாதுங்காவிலிருந்து வந்த வெங்கடராமன். செம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டிருந்த இந்திப் படத்துக்கு உதவி டைரக்டர். வீட்டில் மற்ற எல்லாரும் ஆபீசுக்குப் போகிறவர்கள் என்பதைப் பார்த்த ஐந்தாவது நிமிஷமே சொல்லிவிடுவார். கறுப்பில், மெல்லிசாக, விரலோடு ஒட்டினாற்போல இரண்டு ஜோடி வேண்டும் என்றார். யாருக்கு, என்ன அளவு என்று கேட்டதற்கு, "ஒரு ஆம்பளைக் கைக்கு" என்றார்.

பிச்சையா தன் கைக்கே அளவெடுத்து வெட்டினான். அளவு சொல்லாத கிராக்கிகளுக்கு அவன் எப்போதும் செய்வது அதுதான்.

வாங்க வந்த அன்று போட்டுக் காட்டச் சொன்னார். போட்டுக் காட்டினான். சும்மா காட்டினால் தோலின் மென்மை தெரியாது என்று பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்து ஒரு தோல் துண்டை நீளவாக்கில் ஒரே இழுப்பாகக் கிழித்தும் காட்டினான். வெங்கடராமன் கையுறையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்துச் சாயாக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"பிச்சையா, அந்தக் கிளவுஸ் எங்காள் ஒருத்தருக்கும் சேரலே. ஒருத்தருக்குத் தொளதொளங்கறது, இன்னொருத்தருக்கு உள்ளயே போகலே. டைரக்டர் உன்னையே அழைச்சிண்டு வரச் சொல்லிட்டார்."

"நான் வந்து பிரிச்சுத் தச்சுத் தாரேன் சார்."

"தைக்க வேண்டாம். போட்டுண்டு நின்னா போதும்."

துப்பறியும் படம். ஒரு பெரிய பங்களா, அதில் மூன்று கொலை. கொலைகாரன் யாரென்பது கடைசி ரீல்வரை தெரியக் கூடாது. அதுவரை அவனுடைய கையையும் காலையும் மட்டும் காட்டுவார்கள். கொலைகாரனாக நடிக்கிறவர் கையையே காட்டினால் ஸ்டுடியோவில் விளக்குத் தூக்குகிறவன்வரை கண்டுபிடித்துவிடுவான். சினிமாப் பத்திரிகைக்காரர்கள் வேறு வாசலில் நிற்கிறார்கள். அதனால் யாருக்கும் தெரியாத ஒரு கை வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்:

"உங்க ஊர் ஜனங்க எந்தச் சாமிக்கு ரொம்பப் பயப்படுவா?"

"சுடலைக்குத்தான் சார். இங்கனயே பீடம் இருக்கு. ஊர்லேருந்து பிடிமண் கொண்டாந்து கட்டினது."

"அதுகிட்ட சத்தியம் பண்ணிட்டு மீறினா?"

"வீட்ல பிள்ள தங்காது சார்."

மறுநாள் காலை வெங்கடராமன் கற்பூரத்தோடு வந்தார். பீடத்துக்கு முன்னால் அவரே ஏற்றினார். படம் வெளியாகும்வரை ஒரு உயிரிடமும் இதைச் சொல்வதில்லை என்று பிச்சையா தீயின் மேல் கைநீட்டிச் சொன்னான். நீட்டின பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"வீட்டுக்காரிகிட்டயும் கூடாதா சார்?"

"அவகிட்டச் சொன்னா தண்ணிக் குழாய்கிட்டச் சொன்ன மாதிரிதானேப்பா. ஆறே மாசம். படம் வந்துடும்."

கரீம் பாட்சாவிடம் வீட்டில் காய்ச்சல் என்று லீவு கேட்டான். பெண்டாட்டி கோமதியம்மாளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பட்டறைக்குப் போகிறவன்போலவே ஏழு மணிக்குக் கிளம்பி சயானில் பஸ் ஏறினான்.

ஸ்டுடியோவில் அவனுக்குக் கதை சொல்ல யாருக்கும் நேரமில்லை. டிராயரைத் திற. கடிதத்தை எடு. மெழுகுவர்த்தியில் காட்டு. ஒருநாள் முழுக்க ஒரு கதவுப் பிடியைத் திருகிக்கொண்டிருந்தான். இன்னொரு நாள், அவன் காலுக்குச் சின்னதான பளபளக்கிற பூட்சைப் போட்டுக்கொண்டு அதே ஆறு படிகளில் சாயங்காலம்வரை ஏறினான். ஐந்தாம் நாள் ஒரு தலையணையைக் கத்தியால் பதினாலு தடவை குத்தினான். யாரைக் கொன்றிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கேட்டான்.

"தலகாணியை" என்றார் வெங்கடராமன்.

கையுறை சுலபமாக ஏறுவதற்காக மேக்கப் ஆள் அவன் கையில் முழங்கைவரை பவுடர் பூசினான். ரோஜாப்பூ வாசனைப் பவுடர். எத்தனை கழுவினாலும் போகவில்லை. கட்டின நாள் முதல் தோல் வாடையோடு வீட்டுக்கு வந்த மனுஷன் திடீரென்று ரோஜா வாசனையோடு வந்தான். கோமதியம்மாள் மூன்று நாள் முகர்ந்ததோடு நிறுத்திக்கொண்டாள். நாலாம் நாள் தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

கரீம் பாட்சா அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "நீ எதுக்கும்மா வெயில்ல வார? காய்ச்சல் விட்டுட்டா?"

"யாருக்குக் காய்ச்சல்?"

"ஒனக்குத்தான். எந்திரிக்கவே மாட்டக்கான்னு சொல்லிட்டுல்லா போனான் ஒம் புருசன்."

"எந்திரிச்சுத்தான் வந்திருக்கேன் மொதலாளி. இந்தச் சோத்த நீங்களே தின்னுங்க."

சாயங்காலம் பிச்சையா வந்தபோது அவள் வாசலில் நின்றாள். "இன்னைக்கு எங்கன போயிருந்தீக?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

"பட்டறைக்கு" என்றான்.

மறுநாளும் அவன் போனான். இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது.

எட்டு நாளும் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை கோமதியம்மாளின் தம்பி ஆறுமுகநயினார் கோவண்டியிலிருந்து வந்தான். லேத்து வேலைக்காரன், நிதானமான பையன். தெருவில் இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், எட்டு நாள் எங்கன போனீக? அத மட்டும் சொல்லுங்க. எங்ககிட்ட வேண்டாம்னா நாங்க எந்திரிச்சுப் போறோம், அக்காகிட்டச் சொல்லுங்க."

"சொல்லக் கூடாது."

"முடியாதா, கூடாதா?"

"கூடாது. சத்தியம் பண்ணிருக்கேன்."

"யாருக்கு?"

அதையும் சொல்ல முடியவில்லை. கதவோரம் நின்ற கோமதியம்மாள் சொன்னாள்: "அவளுக்குத்தான்."

பெரியவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். அவன் சயானில் செம்பூர் பஸ் ஏறியதை யாரோ பார்த்திருந்தார்கள். அன்றோடு தெரு முடிவு செய்துகொண்டது. செம்பூரில் பிச்சையாவுக்கு ஒருத்தி இருந்தாள். எட்டு நாளில் துரத்திவிட்டாள். ஏன் துரத்தினாள் என்பதற்குக் குழாயடியில் நாலைந்து காரணங்கள் இருந்தன.

கோமதியம்மாள் ஊருக்குப் போய்விடவில்லை. போயிருந்தால் ஒருவிதத்தில் தேவலை. சோறு வடித்தாள், துணி துவைத்தாள், அவனிடம் பேசவில்லை. எல்லாம் நாலு வயது மகள் சொர்ணத்தின் வழியாகத்தான். "ஒங்கய்யாவுக்கு எண்ணெய் தீந்துட்டுன்னு சொல்லு." சொர்ணம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எண்ணெய் தீந்துட்டாம்" என்பாள். ஸ்டுடியோவில் கிடைத்த கூலியில் அவன் ஒரு சுங்குடிச் சேலை வாங்கிவந்தான். அது குற்றத்துக்கு அத்தாட்சியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அவள் அதைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டுச் செண்பகவல்லிக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆறு மாதம் முடிந்தது. படம் வரவில்லை. பிச்சையா மாதுங்காவுக்குப் போனான். கதாநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றார் வெங்கடராமன். இன்னொரு ஆறு மாதம் கழித்துப் போனபோது பணம் போட்டவர் கையை விரித்துவிட்டார் என்றார். மூன்றாம் முறை, படம் சென்சாரில் இருந்தது. ஒவ்வொரு தரமும் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். ஒருதரம் காபி கொடுத்தார்.

"சார், எனக்குப் படம் வேண்டாம். அந்தச் சத்தியத்த மட்டும் எடுத்திருங்க. வீட்ல ஒருத்தி வருசக்கணக்கா எம் மொகத்தப் பாத்துப் பேசல."

"நான் எப்படிப்பா எடுக்கறது? உங்க சாமி, உங்க சத்தியம். அதுகிட்டன்னா போய்க் கேக்கணும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவர் சொல்கிற எல்லாமே அப்படித்தான் படும். பிச்சையா சுடலைக்கு ஆடுகிற வானமாமலையிடம் போய்க் கேட்டான். ஒரு சத்தியம், தெரியாமல் செய்துவிட்டது, விடுதலை வேண்டும். வானமாமலை திருநீற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன சத்தியம்?" என்றார்.

"அதச் சொல்லக் கூடாதுங்கதுதான் சத்தியம்."

"சொல்லாம எப்பிடிவே விடுவிக்க? சாமிக்கு வெவரம் வேண்டாமா?"

"சாமிக்குத் தெரியும். ஒமக்குத்தான் தெரியாது."

"அப்ப சாமிகிட்டயே நேர்ல பேசிக்கிடும்" என்று வானமாமலை திருநீற்றைத் திரும்பத் தட்டில் போட்டுவிட்டார்.

அறுபத்து நாலு நவம்பரில் படம் வந்தது. பெயர் அதற்குள் இரண்டு தடவை மாறியிருந்தது. கிங் சர்க்கிளில் சுவரொட்டி பார்த்தான். கறுப்புக் கையுறை ஒன்று ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓவியன் போட்ட கை, பலாச்சுளை பலாச்சுளையாக விரல்கள். பிச்சையா தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, நேராகப் பட்டறைக்கு வந்தான். இரண்டு வருஷமும் பத்து மாதமும் நெஞ்சுக்குள் கிடந்ததை மூச்சு வாங்காமல் சொன்னான்.

தையல் மெஷின்கள் நின்றன. கரீம் பாட்சா கண்ணாடியைக் கழற்றினார்.

"அதாவது, படத்துல கொல பண்ணுதது நீரு."

"கை மட்டும் மொதலாளி. காலும்."

"அந்தப் படத்துல ஒரு குதிரை வருதாமே, பாத்தேன் போஸ்டர்ல," என்றான் மூலையிலிருந்து இசக்கிப்பாண்டி. "அதுக்கு வாலு நான்தான். யார்கிட்டயும் சொல்லிறாதீரும்."

பட்டறை சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. கரீம் பாட்சா மட்டும் சிரிக்கவில்லை. "ஏவே, ஒரு பொய்யி சொன்னா ரெண்டு வருசத்துக்குள்ள சொல்லிறணும்வே" என்றார். "இவ்வளவு நாள் வச்சிருந்து சொன்னா இப்பிடித்தான் ஊசிப்போயிரும்."

படத்தில் பெயர் போடுவார்களே, அதில் தன் பெயரும் இருக்கும் என்று பிச்சையா சொல்லியிருந்தான். முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்த இசக்கிப்பாண்டி, தையல்காரன் பெயர், முடிவெட்டுகிறவன் பெயர்கூட இருந்தது, கைக்கென்று தனியாகப் பெயர் எதுவும் இல்லை என்றான். அவன் எழுத்துக்கூட்டித்தான் இந்தி படிப்பான். ஆனால் பிச்சையாவுக்கும் நம்பிக்கை இல்லை.

மாதுங்காவுக்கு ஓடினான். இப்போது வெங்கடராமன் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். படம் ஓடுகிறது, முகம் பளபளவென்று இருந்தது.

"சார், ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. பிச்சையா எட்டு நாள் எங்ககூட இருந்தான்னு. தமிழ்லயே எழுதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

வெங்கடராமன் ஒரு சினிமாப் பத்திரிகையை எடுத்து விரித்தார். கொலைகாரனாக நடித்தவரின் பேட்டி. அந்தக் கைகள் தன்னுடையவைதான் என்றும், பாத்திரத்துக்காக ஒரு தோல் பட்டறையில் இரண்டு மாதம் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டதாகவும் அவர் சொல்லியிருந்தார்.

"இப்ப நான் எழுதிக் கொடுத்தா, அந்தக் காகிதம் எங்க போய் நிக்கும் சொல்லு. எனக்கு அடுத்த படம் அவர்கிட்டதான். நீ தாராளமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கோ பிச்சையா. படம்தான் வந்துடுத்தே. யார் தடுக்கறா?"

பிச்சையா எழுந்து வந்துவிட்டான். யாரும் தடுக்கவில்லை. அதுதான் பிரச்சினையாக இருந்தது.

மிச்சமிருந்தது ஒரே வழி. கோமதியம்மாளைக் கூட்டிப்போய்க் காட்டுவது. ஊர் நம்பாவிட்டாலும் அவள் கண்ணுக்குத் தெரியும். அவள் நம்பிவிட்டால் அவள் வாயாலேயே ஊருக்கும் தெரியும். அவன் சொன்னால் வரமாட்டாள் என்று ஆறுமுகநயினாரைப் பிடித்தான். ஆறுமுகநயினார் அக்காவிடம் பேசினான். "பொய்யின்னா பொய்யின்னு சொல்லிட்டு வா. மெய்யின்னா மெய்யின்னு சொல்லு. ஒரு தீர்மானம் வேணும்லா? சொர்ணத்த நான் பாத்துக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டம். அவள் இரண்டு எட்டு முன்னால் நடந்தாள். உள்ளே ஒரு நாற்காலி தள்ளி உட்காரப் பார்த்தாள்; அதில் ஆள் வந்துவிட்டதால் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

படத்தில் ஒரு ஜமீன் பங்களா. எஜமான் முதலில் செத்துப்போகிறார். மூன்று மருமகள்கள், ஒரு குடிகாரத் தம்பி, ஒரு நர்ஸ். எல்லாருக்கும் நடுவில் வெள்ளைத் தாடியோடு ஒரு கணக்கப்பிள்ளை, முன்ஷிஜி. எல்லாரையும் மகளே, மகனே என்று கூப்பிடுகிற சாது. பிச்சையா அன்று திறந்த அந்த டிராயர் திரையில் திறந்தது. அவன் கை உள்ளே போனது. பெருவிரலும் சுட்டுவிரலும் கடிதத்தின் ஓரத்தைப் பிடித்து ஒருதரம் தேய்த்துப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தன. தோலின் கனம் பார்க்கிறவன் செய்வது. அப்படிச் செய்ய யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. செய்தது அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

பக்கத்தில் கோமதியம்மாளின் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது.

"பாத்தியா?" என்றான்.

"பேசாம இருங்க."

ஏறக்குறைய மூன்று வருஷத்தில் அவனிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. பின்னாலிருந்து ஒரு ஆள், "அரே சுப் பைட்டோ" என்று இந்தியில் அடக்கினான்.

இடைவேளையில் மறுபடி கேட்டான். "படத்தப் பாக்க விடுங்க" என்றாள். அவளுக்குப் படம் பிடித்துவிட்டது. இந்தி பாதி புரியாவிட்டாலும் முன்ஷிஜி என்ன செய்கிறார் என்பது புரிந்தது. மூத்த மருமகள் எதையோ பார்த்துவிட்டாள். முன்ஷிஜி அவள் தலையில் கைவைத்து, இதை யாரிடமும் சொல்லாதே மகளே, உன்னைத்தான் சந்தேகப்படுவார்கள் என்கிறார். தம்பியிடம் போய், நீ அங்கே இருந்ததை நான் சொல்லமாட்டேன், நீயும் வாயைத் திறக்காதே என்கிறார். நர்சிடம் ஒரு சத்தியம். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் ஒவ்வொருத்தரும் திருதிருவென்று விழிக்கிறார்கள். எல்லாரும் குற்றவாளி மாதிரியே இருக்கிறார்கள். முன்ஷிஜி எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்.

தலையணை என்பது எஜமான்தான். பதினாலு குத்தில் ஒன்றை மட்டும் வைத்திருந்தார்கள்.

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பஸ்சுக்கு நிற்காமல் அவள் சயான் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். பிச்சையா பின்னால் போனான். ஒரு பர்லாங்கு கழித்து, திரும்பாமலே சொன்னாள்.

"ஒங்க கைதான்."

அவனுக்கு நின்று அழலாம்போல் இருந்தது. "நான்தான் சொன்னேம்லா. நான் என்ன..."

"கடுதாசியத் தொடும்போதே தெரிஞ்சிட்டு." அவள் இப்போது நின்றாள். "யாருக்காக வாய மூடிட்டு இருந்தீக?"

"சுடலை மேல சத்தியம், கோமதி. நமக்கு ஒரு பிள்ள இருக்கு."

"அந்த நர்சுக்குட்டியும் சத்தியந்தான் பண்ணினா. கடைசில இன்ஸ்பெக்டரு ஒரு அதட்டு அதட்டினதும் சொல்லிட்டால்லா? நான் வாசல்ல நின்னு கேட்டேம்லா ஒங்ககிட்ட? சொல்லக் கூடாதுன்னா, சொல்லக் கூடாதுன்னு சொல்லணும். பட்டறைக்குன்னீக. சுடலையா அப்பிடிச் சொல்லச் சொன்னாரு?"

இத்தனை நாளும் பிச்சையா சத்தியத்தையே நினைத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு வார்த்தையை நினைத்துப் பார்த்ததில்லை.

"செம்பூர்க்காரி ஒருத்தின்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். "செவப்பா, ஒல்லியா, சுருட்ட முடியோட. மூக்குத்திகூடப் போட்டுவிட்டேன் அவளுக்கு. தெனம் பாத்திரம் வெளக்கும்போது அவளத்தான் வையுவேன். எத்தன நாளு! இப்ப அவ இல்லைங்கீக. யாரும் இல்லைங்கீக. நான் யார வைய?"

"என்ன வையி."

"ஒங்கள வஞ்சு என்ன செய்ய? ஒரு மனுசி மேல ஆசப்பட்டுப் போயிருந்தா, சரி, புத்தி கெட்டுட்டுன்னு விடலாம். தலகாணியக் குத்திட்டு வந்திருக்கீக. அதுக்கு என்னயத் தெருச் சிரிக்க வச்சீக."

மீதி வழியும் அவள் இரண்டு எட்டு முன்னாலேயே நடந்தாள்.

வீட்டில் ஆறுமுகநயினார் காத்துக்கொண்டிருந்தான். செண்பகவல்லி எதற்கோ வந்தவள்போல் வாசற்படியில் நின்றாள். எதிர் வீட்டிலும் தலைகள் தெரிந்தன. பிச்சையா சட்டையைக்கூடக் கழற்றாமல் நடுவில் நின்றான்.

"என்னக்கா," என்றான் ஆறுமுகநயினார், "அத்தான் கைதானா?"

கோமதியம்மாள் ஸ்டவ்வை எடுத்து வைத்துக் காற்றடிக்க ஆரம்பித்தாள். நாலு அடி அடித்த பிறகு சொன்னாள்:

"என்னத்தக் கண்டேன். கறுப்பா ஒற மாட்டிருக்கு. எவன் கையோ."

"ஏ கோமதி!" பிச்சையாவின் குரல் கீச்சென்று வந்தது. "இப்பத்தான ரோட்டுல சொன்ன?"

"ரோட்டுல என்ன சொன்னேன்?" அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள். "கூட யாரு இருந்தா?"

செண்பகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறுமுகநயினார் எழுந்து அத்தானின் தோளில் கைவைத்தான். இனிமேல் இதைப் பேச வேண்டாம், ஆனது ஆகிவிட்டது, யாரும் எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்றான். பரிவாகத்தான் சொன்னான். பிச்சையா இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினான். என்ன காட்டுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. இறக்கிக்கொண்டான்.

பேச்சை மாற்றுவதற்காக ஆறுமுகநயினார் கேட்டான்: "கடைசில கொலகாரன் யாருக்கா?"

"அதச் சொல்லிட்டா நீ பாக்கும்போது என்ன இருக்கும்?" என்றாள் கோமதியம்மாள். ஸ்டவ் பிடித்துக்கொண்டது. "போய்ப் பாத்துக்கோ. நான் வாயத் தொறக்கமாட்டேன்."